மூச்சு கேட்கும் தூரம்

பெங்களூரு ஜே.பி. நகரில் ரங்க சங்கரா என்று ஒரு நாடக அரங்கம் இருக்கிறது. முந்நூற்றுச் சொச்சம் இருக்கைகள்தான். மேடை பார்வையாளர்களுக்கு நடுவே நீண்டு வந்து நிற்கும். நடிகர் எச்சில் விழுங்குவதும் மூச்சு வாங்குவதும் கடைசி வரிசை வரை கேட்கும். ஏழரைக்கு நாடகம் என்றால் ஏழரைக்குக் கதவை மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு யார் வந்தாலும் உள்ளே விடுவதில்லை. அந்தக் கண்டிப்பைக்கூட நான் கொண்டாடுகிறேன். கதவு மூடிய அந்தக் கணத்தில் ஊர் இரைச்சல் மொத்தமும் வெளியே நின்றுவிடும். அடடா, அந்த நிசப்தம்!

இந்த அரங்கமே ஒரு காதல் கதை. ‘மால்குடி டேஸ்’ தொடரை இயக்கிய சங்கர் நாக்கை நமக்குத் தெரியும். 1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே அருகே நடந்த கார் விபத்தில் இறந்துபோனார். வயது முப்பத்தைந்து. அதே காரில் இருந்த அவர் மனைவி அருந்ததி நாக் படுகாயங்களோடு பிழைத்தார். பெங்களூருக்கு நல்ல நாடக அரங்கம் ஒன்று வேண்டும் என்பது சங்கரின் கனவு. கணவர் போன துக்கத்தைச் சுமந்துகொண்டே ஊரெல்லாம் அலைந்து பணம் திரட்டி, 2004-ல் அதைக் கட்டி முடித்துத் திறந்துவைத்தார் அருந்ததி. நான் உட்கார்ந்து பார்த்த ஒவ்வொரு நாடகத்துக்கும் அடியில் இந்தக் கதை ஓடிக்கொண்டே இருந்தது.

திறந்த புதிதில் அங்கே வந்த புது நாடகங்களை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. முதலில் 2005-ல் கிரீஷ் கர்னாட் எழுதிய ‘ஒடகலு பிம்பா’. மேடையில் ஒரே ஒருவர், அருந்ததி நாக். மஞ்சுளா என்ற கன்னட எழுத்தாளர் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி உலகப்புகழ் பெற்றுவிடுகிறார். தொலைக்காட்சி நிலையத்துக்கு வந்து பேசுகிறார். தாய்மொழியை விட்டு ஏன் ஆங்கிலத்தில் எழுதினேன் என்று நியாயம் சொல்கிறார், நோயில் முடங்கி இறந்துபோன தங்கை மாலினியை நினைத்து உருகுகிறார். பேச்சு முடிந்து கிளம்பும்போது, திரையில் இருக்கும் அவர் பிம்பம் மட்டும் அணையாமல் நிற்கிறது. நின்று, அவரையே கேள்வி கேட்க ஆரம்பிக்கிறது!

திரையில் பேசுவது முன்பே பதிவு செய்த முகம். அது யாருக்காகவும் காத்திருக்காது. மேடையில் இருப்பவர் ஒரு நொடி பிந்தினாலும் பதில் கேள்விமேல் ஏறிவிடும். அருந்ததி ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. திரையில் இருப்பவர் நிதானமாக, கண் இமைக்காமல் கேட்கிறார். மேடையில் இருப்பவர் சிரித்து மழுப்புகிறார், எரிந்து விழுகிறார், கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறார். இருவரும் ஒருவரே என்பது எனக்கு மறந்தே போனது. தங்கைக்கும் அக்காவுக்கும் அக்காவின் கணவனுக்கும் நடுவில் என்ன இருந்தது என்பதை நான் சொல்லமாட்டேன். அதை அந்தப் பிம்பத்தின் வாயால்தான் கேட்க வேண்டும்.

கர்னாடின் இன்னொரு தனிநபர் நாடகம் ‘ஃப்ளவர்ஸ்’. ராய்ஸ்டன் ஏபல் இயக்கம். நடித்தவர் ‘வ்யோம்கேஷ் பக்ஷி’யாக நாம் தூர்தர்ஷனில் பார்த்த ரஜித் கபூர். சித்ரதுர்கா பக்கத்து நாட்டுப்புறக் கதை. லிங்கத்தைப் பூக்களால் அலங்கரிப்பதையே உயிர்மூச்சாகக் கொண்ட பூசாரி ஒருவர், ஒரு தாசியிடம் மனதைப் பறிகொடுக்கிறார். சாமிக்குச் சாத்திய பூக்களை அவளுக்கும் சூட்டுகிறார். ஒருநாள் பிரசாதத்தில் நீளமாக ஒரு தலைமுடி வந்துவிடுகிறது. பக்தி, மனைவி, காதலி என்று மூன்று பக்கமும் இழுபடும் மனிதனை ரஜித் குரலை உயர்த்தாமலே காட்டினார். யாரையும் வில்லனாக்காத அந்த எழுத்துக்கு நான் அடிமை.

‘ஒடகலு பிம்பா’வுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அக்கா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அவள் பேச்சை நாங்கள் எடுப்பதே இல்லை. எடுத்தால் அழுகைதான் என்று இருவருக்கும் பயம். நாடகம் முடிந்ததும், அம்மாவை இப்படி ஒன்றுக்கு அழைத்து வந்துவிட்டோமே என்று எனக்குப் பதைத்தது. அரங்கத்தை ஒட்டிய கஃபேயில் சாபுதானா வடை வாங்கி உட்கார்ந்தோம். அம்மா வடையைப் பிட்டு, பச்சை மிளகாயை ஓரமாக எடுத்து வைத்தாள். பிறகு சொன்னாள்: “ஒங்க அக்காவும் ஒன்னப் பத்தி எங்கிட்ட கொறப்பட்டுக்கிட்டேதான்டி இருப்பா. ஒனக்குத்தான் தெரியாது.”

“என்னன்னு?”

“அவ சுடிதாரெல்லாம் நீ போட்டுக் கிழிச்சிட்டேன்னு.”

சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள். இரண்டு வருடமாகச் செத்துப்போனவளாகவே இருந்த அக்கா, சண்டைக்காரியாக, பொறாமைக்காரியாக, எங்கள் அக்காவாகவே திரும்பி வந்து அந்த மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். மாலினியும் மஞ்சுளாவும் தெய்வங்களாக இல்லாமல் சாதாரண மனுஷிகளாக இருந்ததால்தான் அம்மாவுக்கு அந்த வாய் திறந்தது. நல்ல நாடகம் இதைச் செய்யும், சத்தியமாகச் செய்யும்!

பெங்களூரு போனால் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்குங்கள். என்ன நாடகம், யார் நடிகர் என்று பார்க்காதீர்கள். மொழி புரியுமா என்றும் தயங்காதீர்கள். ஏழு மணிக்கே போய்விடுங்கள். பேச முடியாமல் போன யாரையாவது பற்றி ஒருவரிடம் பேச வேண்டியிருந்தால், அந்த ஒருவரையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள்.

அன்று வீடு வரும்வரை ஆட்டோவில் நாங்கள் பேசியதெல்லாம் அக்காவைப் பற்றித்தான்.