ஆசானின் அந்தரங்கமும் வாசகரின் ஐயமும்

ஜே. கே. ரௌலிங்கின் ஹரி பொட்டர் நாவல்கள் ஏழும் 1997 இற்கும் 2007 இற்கும் இடையில் வெளிவந்தன. அவற்றிலே வரும் மாயவித்தைப் பாடசாலையான ஹொக்வாட்ஸின் தலைமையாசிரியர் டம்பிள்டோரைப் பற்றி வாசகர் கட்டியெழுப்பிய ஊகங்கள் தனியானதோர் இலக்கியமாகவே வளர்ந்துவிட்டன. நரைத்த தாடியும் நகைச்சுவையும் கொண்ட இக்கிழவர், அநாதைச் சிறுவனாகிய ஹரியை உண்மையில் எதற்காக உருவாக்கினார் என்பதே அவற்றின் மைய வினாவாகும்.

ஐயம் காரணமின்றி எழுந்ததன்று. 2000 இல் வெளிவந்த நான்காம் நாவலின் இறுதியில், பகைவன் வொல்டமோட் தன் இரத்தத்தைக் கொண்டு புத்துடல் பெற்றதை ஹரி கூறுகின்றான். அதைக் கேட்ட கிழவரின் கண்களிலே வெற்றிக்களிப்பு ஒரு கணம் தோன்றி மறைகின்றது. அந்த ஒரு கணத்தை வாசகர் ஏழாண்டுகள் விவாதித்தனர். இவர் பகைவனின் கையாளோ என ஐயுற்றோரும் உளர். 2007 இல் விடை கிடைத்தது: அவ்விரத்தமே ஹரி சாவிலிருந்து மீள வழிசெய்தது. ஆயினும் அதே நாவலில், சிறுவனை அறுப்பதற்கென்றே வளர்த்தீரா என்னும் பொருள்படச் சக ஆசிரியர் ஸ்னேப் சினந்து கேட்கின்றார். வாசகரின் ஐயத்துக்கு நூலாசிரியரே பாதி நியாயம் வழங்கினார் எனலாம்.

பெரியோர் சொல்லை ஆராயாது ஏற்கமறுக்கும் இம்மனப்பாங்கு வரவேற்கத்தக்கதே. ஆனால் நோக்கம் நல்லதா தீயதா என்பதோடு ஆராய்ச்சி நின்றுவிடுகின்றது. நல்லதென்றே வைத்துக்கொள்வோம். தாயின் தங்கையோ தமக்கையோ வாழும் வீட்டில்தான் குழந்தைக்கு இரத்தவழிப் பாதுகாப்புண்டு எனக் கருதி, வாசற்படியில் ஒரு கடிதத்துடன் அதனை விட்டுச்சென்றார். பத்தாண்டு இருண்ட வாழ்வுக்கு அவனை ஆளாக்குவதை அறிந்தே செய்ததாக 2003 இல் வெளிவந்த ஐந்தாம் நாவலில் அவரே ஒப்புக்கொள்கின்றார். இதில் இரகசியம் எங்கேயிருக்கின்றது? ஏகலைவனின் பெருவிரலைத் துரோணர் வெளிப்படையாகத்தானே கேட்டார்! பிறர் வாழ்வைத் தனியே தீர்மானிக்கும் அதிகாரம் ஒருவரிடம் எவ்வாறு குவிந்தது என்பதன்றோ வினா?

ஹொக்வாட்ஸின் சமையற்கட்டிலே நூற்றுக்கு மேற்பட்ட வீட்டடிமைக் குறளர் ஊதியமின்றி உழைக்கின்றனர். விடுதலைபெற்ற டொபி ஊதியம் கேட்டபோது, வாரத்துக்குப் பத்துப் பொற்காசும் வார இறுதி ஓய்வும் தர டம்பிள்டோர் முன்வந்தார். டொபியோ பேரம்பேசி, வாரத்துக்கு ஒரு காசும் மாதத்துக்கு ஒருநாள் ஓய்வுமாகக் குறைத்துக்கொண்டான்! தனிமனிதத் தாராளத்துக்குக் குறைவில்லை. மந்திரவாதிகள் குறளரை நெடுங்காலம் இழிவாக நடத்தியதன் விளைவையே இன்று அனுபவிக்கின்றனர் என்றுங்கூட அவர் ஓரிடத்தில் பேசுகின்றார். அடுக்களையோ முன்போலவே நடக்கின்றது. இதனை எதிர்த்துச் சங்கம் அமைத்த மாணவி ஹெர்மாயினியை ரௌலிங் பெரிதும் நகைப்புக்குரியவளாக்கியமை இந்நாவல்களின் பெருங்குறையென்றே நான் கருதுகின்றேன்.

குறளரை விடுவிக்கவென அவள் தொப்பிகள் பின்னி மறைத்து வைத்தாள். அவர்கள் அதனை அவமதிப்பாகக் கொண்டு அவ்விடத்தைத் துப்புரவு செய்யவே மறுத்தனர். தொப்பிகள் யாவற்றையும் டொபி ஒருவனே எடுத்துக்கொண்டான். கிழவரின் கண்ணில் தோன்றிய ஒளிக்கு ஏழாண்டு செலவிட்டோருள், இத்தொப்பிகளை அவர் எவ்வாறு நோக்கியிருப்பார் என ஊகித்தவர் ஒருவரையேனும் நான் கண்டதில்லை.