டிக் அடித்தால் போதுமா?

நகராட்சி இணையதளங்களின் வெளிப்படைத்தன்மைக்கு மதிப்பெண் போடுபவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடுதான் உட்காருகிறார்கள். பட்ஜெட் இருக்கிறதா? மன்றத் தீர்மானம்? டெண்டர்? சம்பளம்? இருந்தால் ஒரு டிக். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் (2005) தன் 4-ஆவது பிரிவில், யாரும் மனுப் போடாமலே வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களை அடுக்குகிறது. ஒவ்வொரு ஊழியரின் மாதச் சம்பளமும் அதில் அடக்கம். பட்டியல் இல்லாவிட்டால் எது விடுபட்டது என்று கேட்கவே வழியில்லை.

ஆனால், இருப்பது உண்மைதானா என்று பட்டியல் சொல்லாது. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் பெல் என்ற சிறு நகரத்தில் 2008-இல் குடியிருப்பாளர் ஒருவர் அதிகாரிகளின் சம்பளத்தைக் கேட்டார். தாள் கொடுத்தார்கள், அதில் இருந்த தொகை பொய். நகர மேலாளர் ராபர்ட் ரிஸ்ஸோ ஆண்டுக்கு 7,87,637 டாலர் வாங்கியதை 2010-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. 2014-இல் அவருக்கு 12 ஆண்டு சிறை. அந்தத் தாளை இணையத்தில் ஏற்றியிருந்தால், மதிப்பெண் போடுபவர் 'சம்பளம்: உண்டு' என்று டிக் அடித்துவிட்டுப் போயிருப்பார்.

உண்மையாகவே இருந்தாலும் பயன்படுமா என்பது அடுத்த கேள்வி. உங்கள் தெருவில் போட்ட சாலையை வைத்துச் சோதித்துப் பாருங்கள். பட்ஜெட் கோணலாக ஸ்கேன் செய்த பக்கங்களாக இருந்தால், தெருப் பெயரைத் தேடினாலும் சிக்காது; கணினிக்கு அது எழுத்தல்ல, படம். பட்ஜெட்டில் 'சாலைகள்' என்று ஒரே தொகை, டெண்டரில் ஒரு பேக்கேஜ் எண், பில்லில் ஒப்பந்ததாரர் பெயர். இவற்றைக் கோக்க ஒரு பொது எண் இல்லாவிட்டால், மூன்று டிக் வாங்கியும் அந்தத் தளம் ஊமைதான். தளத்திலேயே வீட்டு வரி கட்டுவதும் பிறப்புச் சான்றிதழ் எடுப்பதும் நல்ல சேவைகள்தான். ஆனால் அவற்றை வெளிப்படைத்தன்மைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இதற்கு மாற்று, நியூயார்க் 2010-இல் தொடங்கிய 'செக்புக் என்ஒய்சி'. யாருக்கு, எந்த ஒப்பந்தத்தில், எவ்வளவு போனது என்று பட்டுவாடா கணக்கையே அது திறந்து காட்டுகிறது. நடத்துவது மேயர் அல்ல, மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கும் கம்ப்ட்ரோலர் என்ற நிதிக் கண்காணிப்பு அதிகாரி. குறையும் உண்டு: பணம் போனதைத்தான் காட்டும், வேலை ஒழுங்காக நடந்ததா என்று சொல்லாது.

'சிறிய நகராட்சிக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?' என்பார்கள். பில் பாஸ் செய்யும் கணக்குப் பிரிவில் யாருக்கு எவ்வளவு போனது என்ற அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது. மாதம் ஒருமுறை அப்படியே ஏற்றினால் போதும்.

ஆகவே என் தீர்ப்பு இது: பட்டியல் தொடக்கத் தேர்வு மட்டுமே. பணம் யாருக்குப் போனது என்ற கணக்கைத் தேடிப் பார்க்கும் வடிவில் வைக்காத தளம், மற்ற எல்லாவற்றுக்கும் டிக் வாங்கினாலும் தேறவில்லை.