வெகுமதியாக வந்த எல்லை

கிருஷ்ணகிரியில் சென்னைச் சாலையும் சேலம் சாலையும் கூடுமிடத்தில், ஓசூர்ப் பக்கம் விரையும் லாரிகளின் நடுவே சற்றுத் தலை நிமிர்த்திப் பாருங்கள். சையத் பாஷா மலையின் அந்தக் கருஞ்சாம்பல் மேனியில் கோட்டை மதில் எத்தனை பாந்தமாகப் பொருந்தியிருக்கிறது! பாறை தானே செங்குத்தாக நிற்கும் இடங்களில் மதில் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறது. ஏறுவதற்கு இடுக்கு கிடைக்குமிடத்தில்தான் கல்லடுக்கு எழுகிறது. பாதி வேலையை மலையிடமே விட்டுவிட்ட அந்தச் சிக்கனம்தான் என்ன அழகு!

இந்தக் கோட்டையை ஜகதேவராயர் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அவர் உயர்ந்த விதமும் இந்த மதிலைப் போலவே செட்டானது. 1565இல் தலைக்கோட்டையில் தோற்ற விஜயநகரம் பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்தது. சுல்தானியப் படைகள் அங்கும் வந்து முற்றுகையிட்டபோது, கோட்டையை விடாமல் காத்தவர் அவர். அதற்கு விஜயநகர ராயர் தந்த பரிசு, கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாரமகால் சீமை.

அந்தப் பரிசின் நயத்தைக் கவனியுங்கள். பட்டும் பல்லக்கும் தந்திருந்தால் ஒரு தலைமுறையோடு தீர்ந்திருக்கும். காக்கத் தெரிந்தவனுக்குக் காக்க வேண்டிய மண்ணையே கொடுத்தார் ராயர். வெகுமதியும் அதுதான், வேலையும் அதுதான். அதற்குச் சில பத்தாண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் ஜார்ஜ் வில்லியர்ஸ் என்ற இளைஞர் 1614இல் ஜேம்ஸ் மன்னரின் கண்ணில் பட்டார். 1623இல் பக்கிங்ஹாம் கோமகன் ஆனார். அரச தயவில் உயர்ந்தவர்கள்தான் இருவரும். ஆனால் அங்கே முகவசீகரம் ஏற்றிய படிகளை இங்கே கொத்தளத்தில் நின்று ஏற வேண்டியிருந்தது. என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லவும் வேண்டுமா?

பர்கூரிலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் ஜகதேவி இருக்கிறது. தன் பெயரையே ஊருக்கு வைத்து அங்கே அமர்ந்தாராம் ஜகதேவராயர். கிருஷ்ணகிரி, ஜகதேவி, மகாராஜகடை, தட்டக்கல் என்று பன்னிரண்டு கோட்டைகளை எண்ணுவார்கள். பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும், பன்னிரண்டு மட்டும் மாறாது. ஒரு குன்றும் வீணாகாமல் சீமையையே காவற்கூடமாக்கிய அந்தக் கணக்கை எத்தனை முறை நினைத்தாலும் இனிக்கிறது.

பிறகு குடும்பம் மேட்டுநிலம் ஏறிக் கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்தைத் தலைநகராக்கியது. இன்று மரப்பொம்மைக்குப் பேர்போன ஊர்! ஓசூரை அடுத்த ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம் என்கிற கோடு அவர்களுக்கு இல்லை. பாரமகாலையும் மைசூர்ப் பீடபூமியையும் ஒரே கையில் லாகவமாகப் பிடித்திருந்தார்கள். அங்கே 1628இல் பக்கிங்ஹாம் கத்திக்குத்தில் மாண்டார். இங்கே 1630இல் மைசூர் சாமராஜ உடையார் சென்னப்பட்டணத்தைப் பிடித்தார்.

குடும்பம் போனாலும் கிருஷ்ணகிரிப் பாறையின் கெட்டித்தனம் போகவில்லை. பின்னால் வந்தவர்களின் கைவேலையும் மதிலில் கலந்திருக்கலாம். 1791 நவம்பரில் கும்பினிப் படை கீழே பேட்டையைப் பிடித்தது. மேற்கோட்டையை நோக்கி ஏறிய அதன் தளபதி மாக்ஸ்வெல்லின் படையினரை மேலிருந்து உருண்ட கற்கள் திருப்பி அனுப்பின.