தாளம் முன்னே வந்த இரவுகள்

நாலே ஆவர்த்தனம், ஏழு வினாடி. வாஷிங்டன் நகரத்து வின்ஸ்டன்ஸ் குழு 1969-இல் வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் ‘ஆமென், பிரதர்’ என்று ஒரு பாட்டு. நடுவில் மற்றவர்கள் எல்லாரும் கையை எடுத்துவிட, டிரம்ஸ் வாசித்த கிரிகரி கோல்மன் மட்டும் தனியாக ஓடுகிறார். முதல் இரண்டு ஆவர்த்தனம் நேர்நடை. மூன்றாவதில், விழவேண்டிய ஓர் அடியைச் சற்றுத் தள்ளிப் போடுகிறார். நாலாவதில் சமத்தையே காலியாக விட்டுவிடுகிறார். கேட்பவர் மனசு அந்த இடத்தைத் தானே தட்டிக்கொள்கிறது. அப்புறம் சிம்பல், எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே வந்து விழுகிறது. இதைக் கணக்கு தெரிந்த ஒரு மிருதங்கக்காரரிடம் போட்டுக் காட்டுங்கள். அடுத்த கேள்வி, ‘ஆள் யார்?’ என்பதாகத்தான் இருக்கும்.

இந்த ஏழு வினாடியிலிருந்துதான் ஜங்கிள் என்ற இசைவகை பெருமளவு கட்டப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் லண்டன் இளைஞர்கள் இதை சாம்ப்ளர் கருவியில் ஏற்றி, ஒவ்வோர் அடியாக நறுக்கினார்கள். நிமிஷத்துக்கு 137 அடி அளவில் ஓடியதை 160, 170 வரை விரட்டினார்கள். அடிகளின் வரிசையைக் கலைத்து வேறு வேறு சொற்கட்டுகளாகக் கோத்தார்கள். மேலே டிரம்ஸ் இப்படிப் பறக்க, அடியில் பேஸ் ஒலி அதில் பாதி வேகத்தில் நிதானமாக நடக்கும். ஆடுகிறவன் எந்தக் காலத்தில் காலை வைப்பது என்பது அவன் இஷ்டம். ஒரே நேரத்தில் இரண்டு காலம் கேட்கிற அந்த இறுக்கம்தான் இந்த இசையின் உயிர். பாட்டுக்குத் தாளம் துணை என்ற ஏற்பாடு இங்கே தலைகீழ்: தாளம் முன்னே, மற்றதெல்லாம் பக்கவாத்தியம்.

இதற்கு ஒரு மேடை அமைந்த விதத்தைத்தான் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். 1994-இல் கோல்டி, கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் என்ற ஜங்கிள் கலைஞர்கள் மூவரும் மெட்டல்ஹெட்ஸ் என்ற இசைத்தட்டு லேபிளைத் தொடங்கினார்கள். மறுவருஷம் ஜூலையில் லண்டன் ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் ப்ளூ நோட் என்ற சின்ன கிளப்பில் ஞாயிறுதோறும் ஓர் இரவு. மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய ஜனம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்து நின்றது.

அங்கே ஓடியவற்றில் பல, கடையில் கிடைக்காத தட்டுகள். வெள்ளிக்கிழமை வீட்டில் முடித்த இசையை மியூசிக் ஹவுஸ் போன்ற கூடங்களுக்கு எடுத்துப்போய், அரக்குப் பூசிய அலுமினியத் தகட்டில் ஒரே ஒரு பிரதியாக வெட்டி வாங்குவார்கள். டப்பிளேட் என்று பேர். கொஞ்ச தடவை ஓட்டினாலே பள்ளம் தேய்ந்துவிடும். அதை ஞாயிறு ராத்திரி போட்டுப் பார்ப்பது. கூட்டம் கத்தினால் ஊசியைப் பின்னால் இழுத்து முதலிலிருந்து மறுபடி போடுவது. இது ஜமைக்காவிலிருந்து வந்த வழக்கம். கூட்டம் அசையாவிட்டால் வீட்டுக்குப் போய் மாற்றி எழுத வேண்டியதுதான். தேறியதை லேபிள் அச்சடிக்கும். சோதிக்கிற களமும் பதிக்கிற தட்டும் ஒரே கையில் இருந்தன. மெட்டல்ஹெட்ஸ் முப்பது வருஷம் தாண்டியும் நிற்பதற்கு முக்கியக் காரணம் அதுவே என்பது என் முடிவு.

அதே ப்ளூ நோட்டில் திங்கள் இரவு வேறு ஆட்டம். தபலா கலைஞர் தல்வின் சிங்கும் ஸ்வீட்டி கபூரும் 1995-இல் தொடங்கிய ‘அனோக்கா’. தல்வின் லண்டனில் பிறந்து, இந்தியா வந்து பஞ்சாப் கரானாவில் தபலா பயின்றவர். ஜங்கிளின் வேகத்துக்குமேல் தபலாவை ஏற்றுவது எளிதான காரியமில்லை. இயந்திரம் மூச்சு வாங்காது. மனிதக் கை அதைத் துரத்திக்கொண்டே போனால் சத்தம் மட்டும்தான் மிஞ்சும். அவர் துரத்தவில்லை. பேஸ் நடக்கிற பாதி காலத்தைப் பிடித்துக்கொண்டு, இடம் பார்த்து மேல்காலத்துக்குத் தாவிவிட்டுத் திரும்புவார். 1997-இல் அவருடைய ஓம்னி முத்திரையில், ஐலண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து, அனோக்கா இரவு இசைத்தட்டாக வந்தது. அதில் நம் ஏ.ஆர். ரஹ்மானின் ‘பம்பாய்’ படத் தீம் இசையும் உண்டு. ஆனால் அந்தத் தட்டின் உச்சம், ஸ்டேட் ஆஃப் பெங்கால் என்ற பேரில் இயங்கிய சாம் ஜமானின் ‘ஃப்ளைட் ஐசி408’. இரண்டு வருஷம் கழித்து ‘ஓகே’ ஆல்பத்துக்காகத் தல்வினுக்கு மெர்குரி பரிசு கிடைத்தது.

இதையெல்லாம் சித்தூர், திருப்பதிப் பக்கம் உட்கார்ந்து ஏன் பேச வேண்டும்? தாளம் முன்னே வந்த இரவுகள் இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதால்தான். புங்கனூரில் 1898-இல் பிறந்த பாடகர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் குரு காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. லயத்தைக் கச்சேரியின் நடுவே கொண்டுவந்து உட்காரவைத்தவர் அவர். வயலின், மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல், டோலக் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம். ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்றே அதற்குப் பேர். அத்தனை பேரும் சுற்றி நின்று கணக்குப் போட, நடுவில் பல்லவியை மூன்று காலமும் பாடி எடுப்புக்கு வந்து சேர வேண்டும். அரை அட்சரம் பிசகினால் ஏழு பேருக்கும் தெரிந்துவிடும். காஞ்சியில் தம் சொந்த முயற்சியில் அவர் வருஷாவருஷம் தியாகராஜ உற்சவம் நடத்தினார். சின்னப் பெண்ணாக டி.கே. பட்டம்மாள் அவரைக் கேட்டு வளர்ந்தது அந்த ஊரில்தான். தானே களம் அமைத்து, தானே ஆடிக் காட்டிய கலைஞர்.

ஆனால் அந்த இரவுகளுக்குத் தட்டு இல்லை. நாயனாப் பிள்ளை 1934-இல் மறைந்தபோது அவர் குரலில் ஒரு கிராமபோன் தட்டுகூட மிஞ்சவில்லை. பாணி பிழைத்தது சீடர்களால். சித்தூரார் 1954-இல் சங்கீத கலாநிதி ஆனார். அவரிடமிருந்து அது அவர் சீடர் மதுரை சோமுவுக்குப் போனது. சோமுவின் பல்லவியைப் பதிவில் கேட்கும்போது, மூலவர் எப்படி இருந்திருப்பார் என்று ஊகிக்கத்தான் முடிகிறது. எனக்கு அது ஆறாத வருத்தம்.

திருமலையில் நடந்தது இதற்கு நேர்மாறு. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனங்களை அவர் குடும்பத்தார் செப்பேடுகளில் வெட்டிக் கோயில் அறையில் சேர்த்து வைத்தார்கள். ஆயிரக்கணக்கான பாடல்கள் இருபதாம் நூற்றாண்டில் வெளிவந்தன. சொல் அப்படியே இருந்தது, ராகத்தின் பேரும் இருந்தது. மெட்டு மட்டும் இல்லை. இன்று நாம் கேட்கிற மெட்டுகளில் பெரும்பாலானவை ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலானோர் பின்னாளில் அமைத்தவை. எதை எழுதுகிறோமோ அது மட்டும்தான் தங்கும்.

இப்போது திருப்பதி தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரைக்கு வாருங்கள். மே மாத வெயிலில் ஏழு நாள். ஆண்கள் நாளுக்கொரு வேஷம் கட்டித் தெருவில் வர, தப்பும் பம்பையும் விடாமல் முழங்கும். அங்கே கேட்கிற அடி எந்த ஜங்கிளுக்கும் சளைத்ததில்லை. ஒருவர் நடையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதை உடைத்து உடைத்துச் சேர்க்கிறார். வேஷக்காரர் காலைப் பார்த்து வேகம் ஏறுகிறது, இறங்குகிறது. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்து அம்மன் கோயில் திருவிழாக்களிலும் இதே கைகளின் உறவுக்காரர்கள் வாசிக்கிறார்கள். செல்போனில் எடுத்த துண்டுகள் நிறையச் சுற்றுகின்றன. வாசித்தவர் பேர் பெரும்பாலும் அவற்றில் இருப்பதில்லை.

பேர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கோல்மன்தான் சாட்சி. அவருடைய ஏழு வினாடி ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஏறியது. அவர் கைக்கு உரிமைத்தொகை வரவில்லை. 2006-இல் அட்லாண்டாவில் வீடில்லாதவராக இறந்தார். 2015-இல் ரசிகர்கள் தாங்களாகவே நிதி திரட்டி, குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்ட் கொடுத்தார்கள். டிரம்ஸ் வாசித்தவருக்கு அது எட்டவில்லை.

திருப்பதியில் ஸ்ரீவெங்கடேஸ்வரா இசை நடனக் கல்லூரி இருக்கிறது. தாளம் எழுதத் தெரிந்த மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒலிப்பதிவு தெரிந்த இளைஞர்கள் சித்தூரிலும் உண்டு. பெரிய நிறுவனத்தின் தயவு வேண்டாம். இரண்டு நல்ல மைக், ஒரு பதிவுக் கருவி, நாலைந்து நண்பர்கள் போதும். அடுத்த ஜாத்திரைக்கு முன்பே பம்பைக்காரர்களைப் போய்ப் பாருங்கள், அனுமதி கேளுங்கள். எந்த நடைக்கு அவர்கள் என்ன பேர் சொல்கிறார்களோ அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வெளியிடும்போது வாசித்தவர் பேரை முன்பக்கத்தில் போடுங்கள். வருகிற பணத்தில் அவர் பங்கு எவ்வளவு என்பதை வாசிப்பு தொடங்குமுன்பே காகிதத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.