ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா?

சங்ககிரியிலிருந்து பெங்களூருக்குச் சரக்கேற்றிப் போகும் லாரி டிரைவருக்கு ஒரு மொழியியல் விதி தானாகவே பிடிபட்டிருக்கும். பால் அங்கே ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி. ஒரு சொல்லில் மட்டும் நேர்ந்திருந்தால் தற்செயல் எனலாம். சொல்லுக்குச் சொல் தொடர்வதால் உறவு. ஆங்கிலத்தையும் சமஸ்கிருதத்தையும் ஒரே மூலத்தில் சேர்த்ததும் இதே வழிதான்: பிதா – ஃபாதர், பாதம் – ஃபுட், தசம் – டென், தந்தம் – டூத். 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் உறவைச் சொன்னார். 1822இல் யாக்கோப் கிரிம் விதியை விரித்துக் காட்டினார்.

ஆங்கிலச் சொற்களைத் தமிழிலிருந்து பிறப்பிக்கும் நம் மேடை வழக்கம் இந்த உரைகல்லில் தேறுவதில்லை. 'பேச்சு' முன்னே 'ஸ்' சேர்த்தால் 'ஸ்பீச்' என்பார்கள், கைதட்டல் எழும். பழைய ஆங்கிலத்தில் அது 'ஸ்ப்ரேச்'. ரகரம் பிற்பாடு உதிர்ந்ததால்தான் நம் சொல்லைப் போல ஒலிக்கிறது. 'எட்டு – எய்ட்' இன்னும் கவர்ச்சியானது. ஆனால் எண்பது, எண்ணூறு என்கிறோமே, அடிச்சொல் 'எண்'. ஆங்கிலச் சொல்லோ இலத்தீனின் 'ஆக்டோ'வுக்கு உறவு. பின்னோக்கிப் போகப் போக உறவுச்சொற்கள் நெருங்க வேண்டும், இவை விலகுகின்றன.

இவ்வழக்கத்துக்குப் பெருந்துணை, 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த தேவநேயப் பாவாணர். அவரைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. வடமொழியே தாய் என்ற பேச்சு ஓங்கியிருந்தபோது, தமிழுக்குள்ளேயே வேர் தேடலாம் என்று காட்டியவர். ஒரு வேரிலிருந்து கிளைக்கும் சொற்களைக் குடும்பம் குடும்பமாக அடுக்கியவர். 1974இல் தொடங்கிய அரசின் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு அவரை விட்டால் வேறு யார்? தமிழின் எல்லை தாண்டி ஐரோப்பியச் சொற்களைத் தொட்டபோதுதான் ஒலியும் பொருளும் ஒத்தால் போதும் என்று அவர் நெகிழ்ந்தார். பின்வந்தவர்கள் அந்த உழைப்பை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இதுதான் எனக்கு வலிக்கிறது.

ஒலியொப்புமை தமிழுக்கே இழைத்த தீங்கும் உண்டு. இஞ்சிக்குச் சமஸ்கிருதத்தில் 'சிருங்கவேரம்' என்று பெயர். சிருங்கம் என்றால் கொம்பு. கொம்பு போன்ற கிழங்கு என்று விளக்கமும் பொருத்தமாகவே இருந்தது. பாலி மொழியில் அது 'சிங்கிவேரம்'. தமிழ் பல சொற்களில் முதல் சகரத்தை இழந்த மொழி. நம் 'ஆறு' என்ற எண் கோண்டியில் 'சாருங்'. அந்த விதிப்படி சிங்கியின் சகரம் போனால் இஞ்சி, கூடவே வேர். கொம்புக் கதை விழுந்தது. கிரேக்கம், இலத்தீன் வழியாக ஆங்கிலத்தின் 'ஜிஞ்சர்' திராவிடச் சொல்லாக நிலைபெற்றது இந்த விதியால்தான்.