ஸ்லேட்டர் கிராமங்கள்: ஒரு பொருளியல் துறையின் அளவுகோல்

எந்தப் பொருளியல் துறையின் மலரைப் புரட்டினாலும் முதலில் பட்டியல்கள்தான் வரும். நெட் தேர்வில் தேறியவர்கள், முனைவர் பட்டம் பெற்றவர்கள், வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய்வந்தவர்கள், வங்கி வேலையில் சேர்ந்தவர்கள். அவற்றைக் குறைசொல்ல மாட்டேன்; எல்லாம் பிள்ளைகள் உழைத்துப் பெற்றவை. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் துறையின் நூறாண்டு கடந்த வாழ்வில், வெளியுலக ஆய்வாளர்கள் இன்றும் தேடி எடுத்துப் படிப்பது எதை என்று கேட்டால், நான் ஐந்து தமிழ்க் கிராமங்களின் பெயரைத்தான் சொல்வேன்: இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான்.

1915-இல் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராகச் சென்னைக்கு வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்கென நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தில் ஊர்ப் பொது நிலங்களை வேலியடைத்துக் குடியானவர்களை வெளியேற்றிய கதையை 1907-லேயே நூலாக எழுதியவர். அப்படிப்பட்டவர் வகுப்பறைப் பாடத்தோடு நின்றுவிடவில்லை. விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்தனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன விளைச்சல், கூலி எவ்வளவு, கடன் யாரிடம், வட்டி என்ன, வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள். மாணவர்கள் எழுதி வந்தவை அவருடைய பதிப்பில் 1918-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக, சில தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய நூலாக வந்தன. மேலே சொன்ன ஐந்து ஊர்களோடு மலையாளக் கரை ஊர்களும் தெலுங்கு ஊர்களும் அதில் உண்டு.

அந்த நூலைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. 1916-இல் சென்னையில் கல்லூரி படித்தவர்களில் பெரும்பாலோர் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். திண்ணையில் உட்கார்ந்து எழுதிய கணக்கு அது. சேரியின் செய்தி பல இடங்களில் மிராசுதாரின் வாய்வழியாகவே வந்து சேர்கிறது. அப்படியிருந்தும் கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கி, அதை அடைக்க முடியாமல் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்த படியாட்களின் நிலை அந்த நூலில் பதிவாகியிருக்கிறது. கேள்வி சரியாக இருந்தால் கேட்கிறவனின் குறையையும் மீறிக் கொஞ்சம் உண்மை வெளியே வரும் போலிருக்கிறது.

இருந்தாலும் இந்தக் கிராம ஆய்வு மரபுக்கு அடித்தளம் 1918 நூல் என்று நான் நினைக்கவில்லை. குறவிலங்காட்டுக்காரரான பி. ஜே. தாமஸ் துறைப் பேராசிரியராக இருந்தபோது, கே. சி. ராமகிருஷ்ணனோடு சேர்ந்து 1936-37-இல் அதே ஊர்களுக்கு மறுபடி ஆள் அனுப்பினார். இடையில் உலகப் பெருமந்தம் வந்து போயிருந்தது. நெல் விலை சரிந்தது. வாங்கிய கடன் மட்டும் சரியாமல் நின்றது. அந்த மறு ஆய்வைப் பல்கலைக்கழகம் 1940-இல் வெளியிட்டது. ஒரு தடவை பார்த்த ஊர் வெறும் சித்திரம்தான். இருபது ஆண்டு கழித்து அதே கேள்வியோடு திரும்பப் போனால்தான் அது சான்றாகிறது. அந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் தாமஸ்.

திரும்பப் போவது எவ்வளவு கஷ்டம் என்பது போனவர்களுக்குத்தான் தெரியும். கூலியையே எடுத்துக்கொள்வோம். பழைய குறிப்பில் கூலி மரக்கால் என்ற முகத்தல் அளவில் இருக்கும். மரக்கால் ஊருக்கு ஊர் மாறும்; சில ஊர்களில் கொடுக்கும்போது ஒன்று, வாங்கும்போது ஒன்று. படியாளுக்கு நெல்லோடு துணியும், சில இடங்களில் கொஞ்சம் நிலமும் உண்டு. தினக்கூலிக்காரருக்கு அவை கிடையாது. இதையெல்லாம் கிலோ நெல்லாக மாற்றிய பிறகுதான் இன்றைய ரூபாய்க் கூலியை அதன் பக்கத்தில் வைக்க முடியும். நிலக்கணக்கும் அப்படியே. தஞ்சைப் பக்கம் வேலி, மா, குழி என்றுதான் அளவு. சிட்டாவில் நான்கு பெயரில் இருக்கும் நிலம் ஒரே வீட்டுச் சாப்பாட்டுக்குப் போகும். அடங்கலில் நெல் என்றிருக்கும், வயலில் சவுக்கு நிற்கும். நடந்து போய்ப் பார்க்காதவரால் இதை எழுத முடியாது. இந்த மரபில் நல்ல ஆய்வு எது, ஒப்பேற்றிய ஆய்வு எது என்று பிரிக்கும் கோடு இதுதான்.

பிறகு பல கிளைகள் பிரிந்தன. 1970-களில் கேம்பிரிட்ஜும் சென்னைப் பல்கலைக்கழகமும் கூட்டாக வட ஆர்க்காட்டு நெல் ஊர்களை ஆராய்ந்தன. இலங்கையின் அம்பாந்தோட்டையும் அந்தத் திட்டத்தில் இருந்தது. பசுமைப் புரட்சி அப்போது பேசப்பட்ட அளவுக்கு வயலில் இறங்கவில்லை என்பது பி. எச். ஃபார்மர் 1977-இல் பதிப்பித்த நூலின் தொனி. பத்தாண்டுக்குப் பின் அதே வட ஆர்க்காட்டை மறுபடி அளந்த ஹேசலும் ராமசாமியும், சிறு விவசாயிக்கும் கூலிக்காரருக்கும்கூடப் பலன் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றார்கள். இரண்டு தரப்பும் ஊருக்குள் போனவர்கள் என்பதால்தான் அந்தச் சண்டைக்கு மதிப்பு.

மால்கம் ஆதிசேஷையா 1971-இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இன்னொரு பள்ளி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்திய சி. டி. குரியன் 1978-இல் அதன் இயக்குநரானார். யாரிடம் என்ன இருக்கிறது, யார் என்ன செய்கிறார்கள், யாருக்கு என்ன கிடைக்கிறது என்பவைதான் அவர் முன்வைத்த அடிப்படைக் கேள்விகள். அங்கிருந்துதான் 1980-களில் எஸ். குஹனும், அவரோடு ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். மற்ற நான்கு ஊர்களுக்கும் குஹனும் அவருடைய சகாக்களும் போனார்கள். மாநில நிதித் துறைச் செயலாளராக இருந்த குஹன் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி பாலக்குறிச்சியில் கூலிக் கணக்கு எழுதியது எனக்கு எந்த விருதையும்விடப் பெரிதாகப் படுகிறது.

ராஜா செல்லையா முன்னின்று 1993-இல் உருவாக்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் வழி வேறு: வரி, சுற்றுச்சூழல், பொருளியல் அளவையியல். அதன் தரம் வேறு தராசில் நிறுக்க வேண்டியது.

கிராமங்களுக்குத் திரும்பப் போகும் வழக்கம் குஹனோடு நிற்கவில்லை. ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் 2008 வரையிலான இருவேல்பட்டின் கதையை 2010-இல் எழுதினார்கள். பெரிய நிலக்காரரின் பிடி தளர்ந்ததையும், தலித் குடும்பங்கள் வெளிவேலைக்கு நகர்ந்ததையும் 1916-இலிருந்து தொடர்ச்சியாகக் காட்ட அவர்களால் முடிந்தது. பாலக்குறிச்சியைப் பக்கத்து வெண்மணியோடு சேர்த்து ஆராய்ந்த நூல் 2023-இல் வந்தது.

இந்தப் பணியில் பெரும்பகுதி இப்போது பல்கலைக்கழகத் துறைக்கு வெளியேதான் நடக்கிறது. முதுகலை மாணவர்கள் கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு புராஜெக்ட் செய்கிறார்கள். பாதிப்பேர் இணையத்தில் கிடைக்கும் புள்ளிவிவரத்தை இறக்கி முடித்துவிடுகிறார்கள். இன்றைய மாணவர்களில் சேரியிலிருந்து வருகிறவர்கள் உண்டு, பெண்கள் பாதிக்கு மேல். ஸ்லேட்டருக்கு வாய்க்காத மாணவர்கள் இவர்கள். திருப்பூரில் வேலை பார்த்துப் பொங்கலுக்கு மட்டும் வரும் மகனை எந்தக் குடும்பத்தில் எழுதுவது, ஒரே அடுப்பில் சாப்பிடுவோர் ஒரு குடும்பம் என்ற பழைய விதி இன்னும் பொருந்துமா என்பதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும். வடமலைபுரமும் தூசியும் பஸ்ஸில் போய்வரக்கூடிய ஊர்கள்தான்.