மதிலும் பசியும்

கணினிப் போர் விளையாட்டு என்றதும் யானைப்படை, பீரங்கி, குதிரைப் பாய்ச்சல் என்றுதான் பலரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது முற்றுகை. மதுரைதான் அதற்குக் காரணம்.

1763-இல் கும்பினிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் மதுரையை ஆண்ட யூசுப் கானை அங்கிருந்த கோட்டையில் வளைத்தன. மழைக்காலம் வந்தது, முற்றுகை கலைந்தது. மறு ஆண்டு மேஜர் கேம்பல் வந்தார். ஜூன் 26-இல் மதிலைப் பிடிக்கச் செய்த முயற்சி பெரும் இழப்போடு தோற்றது. பிறகு அவர் உணவு போகும் வழிகளை அடைத்துவிட்டுக் காத்திருந்தார். உள்ளே தானியம் குறைந்தது, ஆட்கள் நழுவினார்கள். அக்டோபரில் தொழுகையில் இருந்த யூசுப் கானை அவருடைய ஆட்களே பிடித்துக் கொடுத்தார்கள். 15-ஆம் தேதி தூக்கு. அந்தக் கோட்டையின் அகழியைத் தூர்த்த இடத்தில்தான் இன்றைய வெளிவீதிகள் இருக்கின்றன.

வழியை அடைத்துக் காத்திருக்கும் இந்த உத்தியை நம் ஆடுபுலி ஆட்டம் நன்றாக அறியும். 3 புலி, 15 ஆடு. ஆடு வெட்டாது, அடைக்கும். வெட்டுக் கொடுக்காமல் ஒவ்வொரு சந்தியாக மூடிக்கொண்டு வருவதில்தான் ஆடுபவரின் கை தெரியும்.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டில் 2022-இல் திராவிடர்களும் வந்துவிட்டார்கள். அவர்களுடைய உருமி வீரர்கள் சுழன்று வீசுவது பார்க்கவே அழகு. ஆனால் அங்கே மதிலுக்குள் இருப்பவனுக்குப் பசிக்காது. 2006-இல் வந்த ‘மிடீவல் 2: டோட்டல் வார்’ அந்தப் பசியை அறிந்தது. முற்றுகையிட்டதும், கோட்டை இன்னும் எத்தனை சுற்று தாங்கும் என்று திரையில் வரும். சுற்றுக்குச் சுற்று காவற்படை கரையும். கடைசியில் வெளியே வந்து பொருதியே ஆகவேண்டும். முன்கூட்டியே ஒற்றனை உள்ளே அனுப்பியிருந்தால், அவன் கதவைத் திறந்துவிடும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்றும் காட்டும். அந்த இரண்டு எண்களையும் பார்த்தபடி, இப்போதே பாய்வதா, இன்னொரு சுற்றுப் பொறுப்பதா என்று தவிக்கும் நேரத்தில் ஆடுபவர் கேம்பலின் கூடாரத்துக்கே போய்விடுகிறார். போர்க்கலையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன திரை வேறில்லை என்பேன்.

ஒரே ஒரு குறை. பசிக்கு ஓர் எண், துரோகத்துக்கு வேறோர் எண், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. மதுரையில் பசிதான் துரோகத்துக்கு வழிவிட்டது. தானியம் இறங்க இறங்கத் தளபதிகளின் விசுவாசமும் இறங்குவதுபோல ஒரு விளையாட்டை யாராவது அமைக்கட்டும். யூசுப் கானின் இடத்தில் உட்கார்ந்து ஆட முதல் ஆளாக வருவேன்.